ஆசிரியப் பணிக்குப் புறப்படும் நம் பிள்ளைகளுக்கு

 

நம் இல்லங்களில் மகிழத்தக்க மாற்றம் ஒன்று நிகழ்ந்து வருகிறது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெண்மக்களின் புத்தகங்களைப் பரண்மீது ஏற்றிவிடும் வழக்கம் குறைந்து, பட்டமும் அதன்மேல் பி.எட்.டும் முடித்த பிள்ளைகளைப் பல வீடுகளில் காண்கிறோம். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், தியாகதுருகம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை ஆகிய ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே நிலைதான். படித்து முடித்த பிள்ளைக்கு ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தவுடன் வீட்டில் எழும் முதல் கேள்வி, “நேர்காணலில் என்ன கேட்பார்கள்?” என்பதே.

இக்கேள்விக்கு விடை கூறும் கையேடுகள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. நூறு வினாக்களையும் நூறு விடைகளையும் மனப்பாடம் செய்துகொண்டு போகும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் தேர்வுக் குழுவினர் எத்தனை விதமாகக் கேட்டாலும், அவர்கள் அறிய விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: “எங்கள் பிள்ளைகளை இவரிடம் ஒப்படைக்கலாமா?” ஆகவே நேர்காணலுக்கு ஆயத்தமாவதும், மாணவரோடு உறவை வளர்ப்பதும் இரு வேறு வேலைகள் அல்ல. பிள்ளைகளை அறிய முற்படுபவர் நேர்காணலுக்குப் பாதி ஆயத்தமாகிவிட்டார். இக்கருத்தைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் அதன் மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன்மலையையும் முன்வைத்து விளக்க விரும்புகிறேன்.

எந்தப் பணிக்கு எந்தத் தேர்வு?

முதலில் ஒரு தெளிவு தேவை. அரசுப் பள்ளிகளின் இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர் பணிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு நடத்தி, சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த ஆசிரியர் தகுதித் தேர்வு தமிழ்நாட்டில் 2012 முதல் நடைபெற்று வருகிறது. இதன் முதல் தாள் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கும், இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கும் உரியது. தகுதித் தேர்வில் தேறிவிட்டால் மட்டும் பணி கிடைத்துவிடாது. அதன்பின் தனியே ஒரு போட்டித் தேர்வும் எழுதவேண்டும் என 2018இல் அரசாணை வெளிவந்தது.

2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஏற்கெனவே பணியில் இருப்போரையும் தொட்டது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும் என்று அது கூறியது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. “நம் சமுதாயப் பள்ளிதானே, தகுதித் தேர்வு எதற்கு?” என்று எண்ணியிருப்பது இனி அறிவுடைமை ஆகாது. தேர்வை எழுதித் தேறி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு அரசு வேலைவாய்ப்பில் 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2007 முதல் உள்ளது. தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. உருது பேசும் நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: அரசுப் பணித் தேர்வுகளில் இப்போது கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. வீட்டில் எம்மொழி பேசினாலும், பிழையின்றித் தமிழ் எழுதப் பழகாத பிள்ளைக்கு அங்கே வாசல் அடைபடும்.

நேரில் அமர்த்திக் கேட்கும் நேர்காணல் நடப்பது தனியார் பள்ளிகளிலும், அரசு உதவிபெறும் பள்ளிகளிலும், நம் சமுதாய நிறுவனங்களிலும்தான். ஜமாஅத் நடத்தும் மக்தபுக்கு ஆள் எடுக்கும்போது நிர்வாகிகள் கேட்பதும் நேர்காணலே. மேலும், 2022இல் அரசுப் பள்ளிகளின் காலியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வழியே நியமிக்க அரசு இசைந்தது. அக்குழுக்களில் பெற்றோரே மிகுதி. ஆகவே சில இடங்களில் உங்களைத் தேர்ந்தெடுப்பவர், நாளை உங்கள் வகுப்பில் அமரப்போகும் பிள்ளையின் தாயாகவே இருக்கலாம்.

திருமறை காட்டும் இரு தகுதிகள்

ஒருவரைப் பணிக்கு அமர்த்த எதைப் பார்க்கவேண்டும்? திருக்குர்ஆனின் அல்கஸஸ் அத்தியாயத்தில் மத்யன் நகரத்துப் பெரியவர் ஒருவரின் மகள், மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளுமாறு தம் தந்தையிடம் பரிந்துரைக்கிறார். அப்போது அப்பெண்மணி இரண்டு பண்புகளையே குறிப்பிடுகிறார்: ஒன்று ஆற்றல், மற்றொன்று நம்பகம். ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததில் ஆற்றலையும், கூலி கேளாமல் ஒதுங்கி நின்ற ஒழுக்கத்தில் நம்பகத்தையும் அவர் கண்டிருந்தார்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் எவரும் இவ்விரண்டையே தேடுகிறார். பாடம் தெரியுமா என்பது ஆற்றலைப் பற்றிய கேள்வி. பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வீர் என்பது நம்பகத்தைப் பற்றிய கேள்வி. நம் பிள்ளைகளில் பலர் முதற்கேள்விக்கு இரவு பகலாகப் படிக்கிறார்கள். இரண்டாம் கேள்வி வரும்போது, “அன்பாக நடந்துகொள்வேன்” என்ற ஒற்றை வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள். அன்பு என்பது எந்தச் செயலில் தெரியும் என்று மறுகேள்வி வந்தால் விடையில்லை. அவ்விடையை நேர்காணலுக்கு முன்பே தேடிக்கொள்ள வேண்டும்.

புறப்படும் முன் செய்யவேண்டியவை

சான்றிதழ்களை ஒரு மாதம் முன்பே எடுத்துப் பாருங்கள். நம் பெயர்களில் எழுத்து வேறுபாடு மிகுதி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘பாத்திமா பீவி’, பட்டச் சான்றிதழில் ‘பாத்திமா பீ’, ஆதாரில் ‘பாத்திமா’ என்று மூவிதமாக இருக்கும். தந்தையின் தலைப்பெழுத்தும் மாறியிருக்கும். சரிபார்ப்பு நாளில் இவை பெருந்தொல்லை தரும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்பதற்கான சாதிச் சான்று, தமிழ்வழிச் சான்று, தகுதித் தேர்வுச் சான்று ஆகியவற்றை அசலும் நகலுமாக வரிசைப்படுத்தி வையுங்கள்.

அடுத்து, எந்த வகுப்புக்குக் கற்பிக்கப் போகிறீர்களோ அந்த வகுப்பின் அரசுப் பாடநூலை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். முதுகலை படித்தவர் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டாமலே நேர்காணலுக்குப் போவதுண்டு. குழுவினர் அந்தப் புத்தகத்திலிருந்தே கேட்பார்கள்.

இப்போதெல்லாம் பல பள்ளிகளில் மாதிரி வகுப்பு ஒன்றை நடத்திக் காட்டச் சொல்கிறார்கள். பத்து அல்லது பதினைந்து நிமிடமே கிடைக்கும். அதில் ஒரு முழுப் பாடத்தையும் கொட்டிவிட முயல வேண்டாம். ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளிலிருந்து தொடங்குங்கள். பின்னம் கற்பிப்பதானால், ஒரு படிச் சாமையில் கால் படியை அளந்து காட்டலாம். கல்வராயன்மலைப் பிள்ளைக்குச் சாமையும் தினையும் வீட்டுப் பொருள். எடை, விலை, இலாபக் கணக்குக்கு மரவள்ளிக் கிழங்கு இருக்கிறது. அம்மலையில் விளையும் கிழங்கு மூட்டையாகக் கட்டப்பட்டு, சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. தம் அப்பாவின் மூட்டையைக் கணக்கில் கண்ட பிள்ளை அந்தக் கணக்கை மறப்பதில்லை.

மாதிரி வகுப்பில் வினா தொடுத்தபின் சற்றுப் பொறுத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் விடைக்காக ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாக வாய் திறவாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். மூன்று விநாடி என்பது மிகச் சிறியதுதான். ஆனால் “நீ சொல்வதைக் கேட்க எனக்கு நேரமிருக்கிறது” என்று ஆசிரியர் கூறாமல் கூறுவது அதில் அடங்கியிருக்கிறது.

கேட்கப்படும் கேள்விகள் சில

“ஒரு பிள்ளை பத்து நாளாக வரவில்லை, என்ன செய்வீர்?” என்பது அடிக்கடி வரும் வினா. வருகைப் பதிவேட்டில் குறிப்பேன் என்பது எழுத்தர் சொல்லும் விடை. வகுப்புத் தோழரிடம் விசாரிப்பேன், வீட்டாரைத் தொடர்புகொள்வேன், தலைமையாசிரியரிடம் தெரிவித்து வீட்டுக்குச் செல்வேன், திரும்பி வந்த நாளில் எல்லோர் முன்னும் கடிந்துகொள்ளாமல் விட்டுப்போன பாடத்தைத் தனியே சொல்லிக் கொடுப்பேன் என்பது ஆசிரியரின் விடை. மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிவந்த ஓர் எளியவரை நாயகம் (ஸல்) அவர்கள் காணாதபோது அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று அறிந்ததும், தமக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று வருந்தி, அவருடைய அடக்கத்தலத்துக்கே சென்று தொழுதார்கள். ஓர் இடம் காலியாக இருப்பதைக் கவனிப்பதும் நபிவழியே.

“அடங்காத மாணவனை எப்படித் திருத்துவீர்?” என்றும் கேட்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் தடை செய்கிறது. 24ஆம் பிரிவு, குறித்த நேரத்தில் வருவது, பாடத்திட்டத்தை முடிப்பது, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் அளந்து தேவையான கூடுதல் உதவி செய்வது, பெற்றோரைச் சந்திப்பது ஆகியவற்றை ஆசிரியரின் கடமைகளாகப் பட்டியலிடுகிறது. இவ்விரு பிரிவுகளையும் அறிந்து செல்லுங்கள்.

நம் சகோதரிகளிடம் சில இடங்களில், “பர்தாவோடு கற்பிக்க இயலுமா? தொழுகை நேரத்துக்கு என்ன செய்வீர்?” என்று கேட்பதுண்டு. சினமும் வேண்டாம், தயக்கமும் வேண்டாம். ஆடை தம் மார்க்கக் கடமை என்றும், கற்பித்தலுக்கு அது இடையூறாகாது என்றும் பணிவாகக் கூறலாம். லுஹர் தொழுகை மதிய இடைவேளையிலேயே நிறைவேறிவிடும் என்று விளக்கலாம். ஆண்கள் ஜும்ஆ நேரத்தைப் பற்றி நியமனத்துக்கு முன்பே பேசித் தெளிந்துகொள்வது நல்லது. பின்னர் மறைவாகப் புறப்பட்டுப் போவதைவிட, முன்னர் வெளிப்படையாகக் கேட்பதே முஸ்லிமுக்கு அழகு.

விடை தெரியாத கேள்வி வந்தால்? முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பும்போது, எதைக்கொண்டு தீர்ப்பளிப்பீர் என்று பெருமானார் (ஸல்) வினவியதாக வரும் அறிவிப்பு நாம் கேள்விப்பட்டதே. இறைவேதம், நபிவழி, அவ்விரண்டிலும் காணாதபோது தம் முயற்சி என்று அவர் படிப்படியாக விடை கூறினார். தெரிந்ததைத் தெரிந்த வரிசையில் சொல்லி, தெரியாததற்கு எப்படி முயல்வேன் என்றும் சொன்ன விடை அது. “இது எனக்குத் தெரியவில்லை, இன்னாரிடம் கேட்டு, இன்ன நூலைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்” என்று கூறும் பிள்ளையை, மழுப்பிப் பேசும் பிள்ளையைவிட அனுபவமிக்க தலைமையாசிரியர் உயர்வாகவே மதிப்பார்.

மலையை அறியுங்கள்

“எங்கள் பகுதியைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?” இது கடினமான கேள்வி. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து மலைப்பாதையில் ஏறினால் கரியாலூரும் வெள்ளிமலையும் வரும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் சேலம் மாவட்டத்துக்குள்ளும் பரந்து கிடக்கிறது. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று மயங்க வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழே.

அம்மக்களின் வரலாறு நெஞ்சை உறுத்துவது. நாடு 1947இல் விடுதலை பெற்ற பிறகும் அம்மலை ஜாகிர்தார்களின் ஆளுகையிலேயே கிடந்தது. கூலியின்றி உழைக்கும் கட்டாய வேலை அங்கே வழக்கமாக இருந்தது. 1976இல்தான் அம்மலை முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. அதே ஆண்டில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் நாட்டில் இயற்றப்பட்டது. எனவே இன்று அங்கே எழுதப் படிக்கும் குழந்தையின் தாத்தாவுக்குப் பள்ளி என்பது எட்டாத பொருளாக இருந்திருக்கக்கூடும். வீட்டில் பாடம் சொல்லித்தர எவருமில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகள் அவர்கள். நம் சமுதாயத்திலும் பல வீடுகள் அண்மைவரை அப்படித்தானே இருந்தன?

மலையில் வேலை இல்லாத மாதங்களில் பெற்றோர் கேரளத்துக்கும் கர்நாடகத்தின் காப்பித் தோட்டங்களுக்கும் பிழைக்கப் போவதுண்டு. சிலர் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். சிலர் பாட்டியிடம் விட்டுச் செல்கிறார்கள். பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். ஆறு வயதில் தாயைப் பிரிந்து விடுதிப் பாயில் படுக்கும் குழந்தைக்கு, ஆசிரியர்தான் அந்த வளாகத்தில் தெரிந்த முகம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையை நாம் மறக்கவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது. அதை அடுத்து, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி எல்லாம் அதில் பேசப்பட்டன. அரசுப் பள்ளிகளின் பெயரில் ‘பழங்குடியினர்’ என்ற சொல் எதற்கு, அதை நீக்கவேண்டாமா என்றும் நீதிமன்றம் வினவியது. பள்ளியின் பலகையிலேயே பிள்ளையின் பிறப்பை எழுதி வைப்பது எத்தகைய தழும்பை ஏற்படுத்தும் என்பதை ஆசிரியராகப் போகிறவர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இவற்றை அறிந்து செல்பவர், “உங்கள் பகுதியைப் பற்றித் தெரியும்” என்று சொல்லத் தேவையில்லை. அவர் சொல்லும் ஒவ்வொரு விடையிலும் அது தெரிந்துவிடும்.

பெயரில் தொடங்கும் உறவு

பணி கிடைத்துவிட்டது. இப்போதுதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது.

முதல் வாரத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். “ஏய் கடைசி பெஞ்சு”, “அந்த மலைப்பையன்” என்ற விளிகள் வேண்டாம். பட்டப்பெயர் சூட்டி இழிவுசெய்வதைத் திருமறை வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது. அந்தத் தடை நம்மவருக்குள் மட்டும் என்று யாரும் சுருக்கிக்கொள்ள வேண்டாம்.

அபூ உமைர் என்ற சிறுவரின் கதை நம் வீடுகளில் சொல்லப்படுவது. அவர் வளர்த்த சின்னஞ்சிறு பறவை இறந்துபோயிற்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அந்தப் பறவையைப் பற்றிக் கனிவோடு விசாரித்தார்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்திய தலைவருக்கு, ஒரு குழந்தையின் பறவையும் அதன் பெயரும் தெரிந்திருந்தன. நம் வகுப்பில் யாருடைய ஆடு குட்டி போட்டது, யாருடைய பாட்டிக்கு உடல்நலமில்லை, யார் காலையில் உண்ணாமல் வந்திருக்கிறார் என்பன நமக்குத் தெரியுமா? ஒரு சிறு குறிப்பேட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இவற்றை எழுதி வையுங்கள். ஓராண்டில் அது எந்தப் பயிற்சி நூலையும்விடப் பயன் தரும்.

தவறு செய்த மாணவரை எப்படித் திருத்துவது என்பதற்கு முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி போதும். அவர் தொழுகையின் நடுவே, தும்மிய ஒருவருக்கு வாய்விட்டு மறுமொழி கூறிவிட்டார். சுற்றியிருந்தோர் முறைத்தார்கள், தொடையில் தட்டி அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை, கடுகடுக்கவில்லை. தொழுகையில் உலகப் பேச்சு தகாது என்று எடுத்துரைத்தார்கள். அவரைப் போன்ற நல்லாசிரியரை முன்னும் பின்னும் கண்டதில்லை என்று அத்தோழர் பிற்காலத்தில் சொல்லி நெகிழ்ந்தார். தவறு சுட்டப்பட்டது, தவறியவர் சிறுமைப்படவில்லை.

மாணவர்மீது ஆசிரியர் காட்டவேண்டிய இரக்கத்தை, தந்தை தம் மக்கள்மீது காட்டும் இரக்கத்தோடு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஒப்பிட்டார்கள். கடுமையால் வளர்க்கப்பட்ட பிள்ளை பொய்யும் சூதும் பழகுவான் என்று வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் பதினான்காம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் எங்களுக்கும் இவ்வெச்சரிக்கை உரியதே. பிரம்பின்றி ஓதல் வராது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் சில இடங்களில் நீடிப்பது வருந்தத்தக்கது.

தந்தையை இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், சாராயத்தைப் பற்றிய பாடத்தில் அவர் பக்கம் திரும்பிப் பாராதீர்கள். எல்லோர் முன்னும் அனுதாபம் காட்டாதீர்கள். படிவத்தில் ‘தந்தை தொழில்’ என்ற கட்டத்தைத் தனியே அழைத்து நிரப்புங்கள். அநாதையாக வளர்ந்த நபியின் உம்மத்துக்கு, அநாதையின் மனத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உறவுக்கு எல்லையும் உண்டு. பிள்ளையோடு தனியறையில் கதவடைத்துப் பேசாதிருத்தல், இரவில் கைபேசிச் செய்தி அனுப்பாதிருத்தல், தேவையின்றித் தொடாதிருத்தல் ஆகியவை ஆசிரியரின் நாணயத்துக்கும் பிள்ளையின் பாதுகாப்புக்கும் அரண்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டியது. பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால், “யாரிடமும் சொல்லாதே” என்று அடக்குவது குற்றமும் பாவமுமாகும். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணை வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். பிற சமயப் பிள்ளைகளின் பெற்றோர் நம்மை நம்பி ஒப்படைப்பது, அவர்களுடைய பிள்ளைக்குக் கணக்கும் தமிழும் அறிவியலும் வரவேண்டும் என்றுதான். அந்த அமானிதத்தை அப்படியே நிறைவேற்றுவது நம் கடமை. வகுப்பறை மார்க்கப் பிரசார மேடையன்று. நேரந்தவறாமை, நேர்மை, நடுநிலை ஆகியவற்றால் ஒரு முஸ்லிம் எப்படிப்பட்டவர் என்பதை அவர்கள் கண்டுகொள்ளட்டும், அது போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

“மலைக்குப் போய் யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு நம் மகள் ஏன் பாடம் சொல்லவேண்டும்? நம் ஊரிலேயே இருக்கட்டுமே!” என்று அத்தாவும் அம்மாவும் தயங்குவது இயல்பு. பாதுகாப்பைப் பற்றிய கவலை நியாயமானது. அதற்குத் தீர்வு உண்டு. சேரும் முன்பே குடும்பத்தோடு ஒரு முறை சென்று பாருங்கள். தங்குமிடம் எப்படி, உடன் பெண் ஆசிரியர்கள் உளரா, கடைசிப் பேருந்து எப்போது, மழைக்காலத்தில் பாதை எப்படி, தொடர்புக்குக் கைபேசி எடுக்குமா என்று கேட்டறியுங்கள். தனியார் பள்ளியானால் ஊதியத்தையும் விடுப்பையும் குறிப்பிட்ட நியமனக் கடிதத்தை எழுத்தில் பெறுங்கள். அசல் சான்றிதழ்களை அவர்களிடம் விட்டுவராதீர்கள். இவையெல்லாம் விசாரித்தபின் மனம் ஒப்பவில்லையென்றால் மறுத்துவிடலாம். விசாரிக்காமலே மறுப்பதுதான் பிழை.

“யாரோ பெற்ற பிள்ளைகள்” என்ற சொல்லை மட்டும் மறுபரிசீலனை செய்யுங்கள். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுதத் தெரிந்தோரைக்கொண்டு மதீனத்து அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, அதையே அவர்களின் மீட்புத் தொகையாக நாயகம் (ஸல்) ஏற்றார்கள் என்று வரலாறு கூறுகிறது. அன்று முஸ்லிம் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுதவைத்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். இன்றும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் பிற சமயத்து ஆசிரியப் பெருமக்களே. அவர்கள் நம் பிள்ளையை யாரோ பெற்ற பிள்ளை என்று கருதியிருந்தால், இன்று நம் வீட்டில் பி.எட். பட்டம் ஏது? அக்கடனைத் திருப்பிச் செலுத்தும் வாய்ப்பு கல்வராயன்மலையிலோ, கருணாபுரத்திலோ, நம் தெரு மக்தபிலோ நமக்குக் கிடைக்குமானால் அது பாக்கியமே.

நேர்காணலுக்குப் புறப்படும் பிள்ளைகளே! சான்றிதழ்களைச் சரிபாருங்கள், பாடநூலைப் படியுங்கள், போகும் ஊரை அறியுங்கள், இரண்டு ரக்அத் தொழுது இறைவனிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். குழுவினர் உங்களைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் மனம் உடையாதீர்கள்; நீங்கள் தேடிக்கொண்ட அறிவு அடுத்த வாசலில் உதவும். தேர்ந்தெடுத்தால், முதல் நாள் வகுப்பில் நுழையும்போது உங்களை ஏறிட்டுப் பார்க்கும் கண்களை நினைவில் வையுங்கள். அந்தப் பிள்ளைகள் உங்களிடம் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். “என்னைத் தெரியுமா?” என்றே அவர்களின் பார்வை கேட்கும்.

அக்கேள்விக்கு ஆம் என்று விடை கூறும் ஆசிரியர்களை நம் சமுதாயம் நிறைய ஈன்றெடுக்க, வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.